மண்ணெண்ணெயில் கழுவிய கார்

போன வாரம் மகளின் காரைப் பெங்களூரில் ஆயில் மாற்ற விட்டிருந்தேன். சர்வீஸ் சென்டர்காரர் சிரித்துக்கொண்டே, "சார், இன்ஜின் ஃப்ளஷ் பண்ணிடலாமா? உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் வந்துடும்" என்றார். "வேணாம்ப்பா!" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்வது, எங்கிருந்தோ மண்ணெண்ணெய் வாடை வந்துவிட்டது.

அந்த வாடை என்றால் எனக்கு எங்கள் தங்கச் சுரங்கம் மைசூர் மைன்ஸின் டிரில் ஷெட்தான். பாறையைத் துளைத்துத் துளைத்துத் தூசி அடைத்துப்போன டிரில் மிஷின்களை மேலே கொண்டுவந்து, பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவுவார்கள். மாட்டினால் புதுசு மாதிரி அதிரும். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் தையல் மிஷினோ சைக்கிளோ மக்கர் பண்ணினாலும் அதே வைத்தியம்தான். வேறு வைத்தியம் எங்களுக்குத் தெரியாது.

அப்பா டிரில்காரர். அவர் ரிடையர் ஆகும் சமயம், தன் இடத்துக்கு என் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். நானோ சுரங்கத்தில் ஆளை இறக்குகிற அந்த இரும்புக் கூண்டை, கேஜை, பார்த்தாலே சுற்றுவழியாகப் போய்விடுவேன். பயம்தான், வேறென்ன.

நான் அப்போது ஓர் ஆங்கிலோ இந்திய சர்வேயரிடம் டிரைவர். எல்லோருக்கும் அவர் துரை. வேலையை விட்டுப் பெங்களூர் போகிறவர், "நீயும் வண்டியோட வந்துடுப்பா" என்றார். அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆயிலை இறக்கினேன். தார் மாதிரி வந்தது. புது ஊருக்குப் போகிற வண்டி, உள்ளேயும் சுத்தமாகப் போகட்டுமே! மண்ணெண்ணெயை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினேன். அப்பா பார்த்துவிட்டு, "இன்னாடா, பொண்ணு பாக்கவா போற?" என்றார்.

மறுநாள் பங்காரப்பேட்டை எட்டுவதற்குள் ஆயில் முள் சரசரவென்று இறங்கியது. பிறகு டக்டக்கென்று ஓர் அடி. பிறகு இன்ஜின் இறுகி நின்றேவிட்டது. வருஷக்கணக்காக ஒட்டிக்கிடந்த கசடு மொத்தமாகக் கிளம்பி, ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைத்துவிட்டதாம். வந்து பார்த்த மெக்கானிக், "அது பாட்டுக்கு ஓடினு இருந்திச்சி. யாருப்பா உன்ன கழுவச் சொன்னது?" என்றார்.

துரை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடி வரை கூடப் போனேன். "நானும் வரேன் துரை."

"காரே இல்ல, டிரைவர் எதுக்குப்பா?" என்று தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். எதிரே மாரிகுப்பம் வண்டி நின்றிருந்தது. அதில் ஏறி வீடு திரும்பினேன்.

அடுத்த மாதமே கேஜ். இறங்கும்போது ஆளுக்கொரு பித்தளை டோக்கன் தருவார்கள். ஷிஃப்ட் முடிந்து அதை ஜன்னலில் திருப்பிக் கொடுத்தால்தான் ஆள் மேலே வந்ததாகக் கணக்கு. ஏறக்குறைய முப்பது வருஷம் வாங்கினேன், கொடுத்தேன்.

சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். இன்றைக்கு டிரில் ஷெட் இல்லை, ஷிஃப்டுக்கு ஊதுகிற சங்கு இல்லை, கேஜும் இல்லை. கடைசி ஷிஃப்ட் முடிந்து மேலே வந்த அன்று டோக்கன் ஜன்னலில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போதும் பீரோவில்தான் இருக்கிறது. கணக்குப்படி நான் இன்னும் கீழேதான் இருக்கிறேன்.