கல்யாணப் பாட்டில் போன சேனல்

வீடியோ எடிட்டிங் தொழிலில் பாட்டைக் கேட்பது கஸ்டமர், மாட்டுவது நாம். இதைப் படிக்கிற சக எடிட்டர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? திருச்செங்கோட்டில் எனக்குக் கடை. எட்டு வருஷ வேலை மொத்தமும் இணையத்தில் என் சேனலில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். மூன்று மாதத்துக்குள் பாட்டுக் கம்பெனிகள் மூன்று புகார் கொடுத்தால் சேனலே காலி.

ரிக் பூஜை

போர்வெல் போடும் புது ரிக் வண்டிக்குப் பூஜை, அதற்கு வீடியோ. ஓனர் ஹீரோ அறிமுகப் பாட்டுதான் வேண்டும் என்றார். வண்டிக்கு எதற்குங்க அறிமுகம் என்றால், வண்டிக்கு இல்லையாம், அதிலிருந்து இறங்குகிற அவருக்காம். உரிமை வாங்காமல் போட்டால் என் தலை உருளும் என்று சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. போட்டுத் தொலைத்தேன். நாலே நாளில் முதல் புகார். போன் போட்டுப் புலம்பினால் மனுஷன் நிதானமாகச் சொல்கிறார்:

"அவங்க பாட்ட நாம ஊரெல்லாம் பரப்பி உடறோம். நன்றி சொல்றத உட்டுட்டு புகாருங்களா?"

மேச்சேரி கிடா

அடுத்தவர் ஆட்டுப் பண்ணைக்காரர். மேச்சேரிக் கிடா விற்க விளம்பரம். சினிமாப் பாட்டே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நியாயந்தானுங்க என்று தன் மச்சான் பாடியதை அனுப்பினார். குரல் மச்சானுடையது, மெட்டு அச்சு அசல் சினிமா. வரியில் காதலிக்குப் பதில் கிடா, அவ்வளவுதான். யாருக்குத் தெரியப்போகிறது என்று ஏற்றினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டாவது புகார் வந்தது. பண்ணைக்காரருக்கோ பெருமை தாங்கவில்லை:

"அசலுன்னே நெனச்சுட்டாங்க பாருங்க. எம்மச்சான் கொரலு அப்படிங்க!"

எங்கள் வீட்டுக் கல்யாணம்

பயந்துபோய்ப் பழைய கல்யாண வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாட்டை உருவினேன். சேந்தமங்கலம் மாப்பிள்ளை, மேட்டூர் மாப்பிள்ளை என்று எல்லாரும் ஊமைப்படத்தில் தாலி கட்டினார்கள். ஒன்றில் மட்டும் கைவைக்க மனசு வரவில்லை. அது எங்கள் கல்யாணம். அந்தப் பாட்டு என் மனைவி ஆசையாகக் கேட்டுப் போட்டது. ஹார்ட் டிஸ்க் செத்த பிறகு எங்களிடம் வேறு காப்பியும் கிடையாது.

மூன்றாவது புகார் அதற்குத்தான் வந்தது. சேனலோடு அதுவும் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பாட்டையும் எடுத்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏனுங்க, பாட்டு இல்லாம உங்க மூஞ்சிய மட்டும் வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

கஸ்டமருக்காகப் போட்ட பாட்டுக்கு அவரைத் திட்டலாம், பொண்டாட்டிக்காக விட்டுவைத்த பாட்டுக்கு நம்மை நாமேதான் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.