கை எட்டும் தூரத்துக் குரல்

அவிநாசியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திருப்பூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். திருப்பூர் வரை டிக்கெட் எடுத்திருந்தும் பாதியில் இறங்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கோயம்புத்தூரில் ஏறியதிலிருந்து மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொன்ன பதில் எதுவும் பஸ் சத்தத்தில் அவருக்கு எட்டவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று காலை டாக்டர் சிறு கண்ணாடியை என் தொண்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல வராதுங்க. இருக்கறதைக் காப்பாத்திக்குங்க” என்று சொல்லியிருந்தார். இருப்பது ஒரு கரகரப்பு. கை எட்டும் தூரம் வரை கேட்கும். அதைத் தாண்டி நிற்பவருக்கு என் வாய் அசைவது மட்டும் தெரியும்.

குரல் போனவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

குரல் போகும் முன் என் பிழைப்பு கூவுவது. தையல் பிசகிய பனியன்களை, செகண்ட்ஸ் என்போம், காதர் பாய் கடையில் மூட்டையாக எடுத்து, பல்லடம், காங்கேயம் என்று சந்தை சந்தையாகக் கூவி விற்பேன். ஓர் இடத்தில் தங்காத கால்களுக்கு அது ஒத்துப்போன தொழில். ஒருநாள் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியில் குரல் நின்றது. வாய் ஓடியது, சத்தம் வரவில்லை. எதிரே நின்ற விவசாயி, “ஏனுங்க, விலையச் சொல்லறதுக்கு வெக்கமா இருக்குதுங்களா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதற்கும் சத்தம் இல்லை.

இரண்டு மாதம் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் சாப்பிட்டேன். கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்தேன். நான் கிசுகிசுத்தால் காதர் பாயும் தன்னை அறியாமல் கிசுகிசுப்பார். கடைக்கு வந்தவர்கள் ஏதோ கள்ளச்சரக்கு பேசுகிறோம் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் பாய் திடுக்கிட்டு, “உனக்குத்தானப்பா தொண்டை போச்சு, எனக்கென்ன கேடு?” என்று சத்தமாகக் கேட்டார். அவர்தான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

டாக்டருக்குச் சொந்த ஊர் கோபி பக்கம். என் குரல் நாணில் (தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகளில் ஒன்றில்) சதை வளர்ந்திருக்கிறது என்றார். புற்றாக இருக்குமோ என்று நான் கேட்கவில்லை, அப்படித் தெரியவில்லை என்று அவரே சொன்னார். மரத்துப்போகும் மருந்தைத் தடவி, நாற்காலியில் உட்கார வைத்து, நீண்ட குறட்டால் அந்தச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். கெட்ட சதை இல்லை என்று பிறகு தெரிந்தது.

இருபத்தொரு நாள் பேசக் கூடாது என்றார். “கிசுகிசுக்கவுங் கூடாதுங்க. அது மெல்லப் பேசறதுன்னு நெனச்சுத்தான் எல்லாருங் கெடுத்துக்கறாங்க.”

வீட்டில் பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் பேச்சைப் பற்றி எனக்கு ஏதோ தெரிந்தது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். கத்திப் பேசினார்கள், சாடை காட்டினார்கள். வாங்கி வைத்த சிலேட்டு என் மனைவி ருக்குமணியிடம் பயன்படவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அவள் சமைக்கும்போது அடுப்பைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுவாள். குழாயடிச் சண்டை, அரிசிக் கடைக்காரரின் கோபம், எல்லாம் அப்படித்தான் எனக்கு வந்து சேரும். மூன்றாம் நாள் பாதியில் நிறுத்திவிட்டாள். “செவுத்துகிட்டப் பேசறாப்ல இருக்குதுங்க” என்றாள். பேச்சு என்பது பேசுகிறவருடைய வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். நடுநடுவே நான் கொட்டிய ‘உம்’தான் அவளை நடத்திப் போயிருக்கிறது. அதன் பிறகு ஒரு தம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு தட்டு என்றால் உம், இரண்டு தட்டு என்றால் இல்லை. அவள் பேச்சு மறுபடி ஓடியது.

பன்னிரண்டாம் நாள் காலை ருக்குமணி தண்ணீருக்குப் போயிருந்தாள். வாசலில் அவளுடைய அண்ணன் பழனிச்சாமி வந்து நின்றார்.

நான் இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் ஊர் சுற்றப் போனவன். இரண்டாவது முறை எட்டு மாதம். அதற்குப் பிறகு நான்கு வருடமாக அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அன்று அவர் கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை இருந்தது. கல்யாணமாகாமல் இருந்தது அவருடைய கடைசித் தம்பி மட்டும்தான், அவனுக்கு என்று புரிந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் உட்கார்ந்து செய்யும் இணைச்சீர் உண்டு. அவர்களுக்கு ருக்குமணி ஒரே சகோதரி. அந்தச் சீரைச் செய்யக் கிடைக்காதோ என்று அவள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

எழுந்து கைகூப்பினேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். வாசல் வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது. அவர் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காவிட்டால் எங்கள் ஊரில் அது கதவைச் சாத்துவதற்குச் சமம். நான் சிலேட்டைத் தேடித் திரும்பினேன். அதையும் அவர் வேறு விதமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்த்தபோது செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தார்.

“வாங்க மச்சான்!”

சந்தையில் கூவிய அதே குரல். தெருமுனை வரை கேட்டிருக்கும். என் குரலை அந்த அளவில் நான் கேட்டது அதுதான் கடைசி.

அவர் திரும்பி வந்தார். என் கைக்குட்டையில் இரத்தத்தைப் பார்த்தார். சிலேட்டில் டாக்டர் சொன்னதை எழுதியிருந்தேன், அதைப் படித்தார். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டார்.

குடத்தோடு உள்ளே வந்த ருக்குமணி முதலில் அண்ணனைப் பார்த்தாள், அப்புறம் கைக்குட்டையை. “பேசிட்டீங்களா?” என்றாள். தம்ளரை ஒரு முறை தட்டினேன்.

ஆறிக்கொண்டிருந்த இடம் கிழிந்து, அங்கே தழும்பு கட்டிவிட்டது. தழும்பு விழுந்த நாண் சரியாக அதிராது. டாக்டருக்கு முதலில் கோபம் வந்தது. அப்படி என்ன பேசினீர்கள் என்று கேட்டார். மருந்துச் சீட்டின் பின்புறம் ‘வாங்க’ என்று எழுதிக் காட்டினேன். அதைப் படித்தார். “எங்கூட்டு வாசல்ல நின்னிருந்தா நானும் அதத்தாங்க சொல்லியிருப்பேன்” என்றார். மறுபடி ஆறு வாரம் மௌனம்.

அந்த ஆறு வாரத்துக்குள் கல்யாணம் நடந்தது. ருக்குமணி தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்தல் முழுக்கப் பேச்சு, நான் ஒரு தூணோரம் இருந்தேன்.

மௌனம் முடிந்ததும் டாக்டர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது வார்த்தை இல்லை. வாயை மூடி, ‘உம்’ என்று மூக்கில் அதிர விடச் சொன்னார். தொண்டையை வருத்தாத சத்தம் அதுதானாம். வீட்டுக்கு வந்தேன். ருக்குமணி அடுப்பைப் பார்த்தபடி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். தம்ளரைத் தொடாமல் ‘உம்’ என்றேன். அவள் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பேசாமலிருக்கும் வைத்தியம் என்றால், வாசலில் ஒரு பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லுங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

இப்போது நான் பேசுவதெல்லாம் காலையில்தான். மத்தியானத்துக்குள் குரல் மங்கிவிடும். ஒரு சொல்லுக்கு முன்னால் மூச்சை எடுத்து நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் பாதிச் சொற்கள் வேண்டாம் என்று தோன்றிவிடும். தூரத்தில் போகிறவரைக் கூப்பிட முடியாது, நடந்து போய்த் தோளைத் தொட வேண்டும். டாக்டர் கைவிரித்த அன்று திருப்பூர் ரோட்டில் இதைத்தான் யோசித்துக்கொண்டே வந்தேன். இன்னொரு முறை இப்படியே எங்கேயாவது போய்விடலாம் என்றும் தோன்றியது. கால்கள் திருப்பூருக்குத்தான் வந்தன. ஊருக்குள் நுழைந்ததும் காதர் பாய் கடைக்குப் போய், கூவாத வேலை ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

மறுநாள் காலை பாய் சொன்ன பனியன் கம்பெனியில், துணி பின்னும் மெஷின்களுக்கு நூல் சுற்றிய கோன்களை எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். அந்த ஹாலில் மெஷின்கள் ஓடத் தொடங்கினால் யார் குரலும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் தோளைத் தொட்டு, வாயைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். முதல் மெஷின்காரர் என்னைத் தொட்டு, எந்த ஊர் என்று வாயசைத்தார். சொன்னேன். தலையாட்டினார். இரண்டாம் முறை கேட்கவில்லை.