கடையிலேயே உரத்த குழாய்

ரோவில் புறநகரில், நான் வேலைசெய்யும் வாகனப் புகைக்குழாய் மாற்றும் கடையில் அவரைச் சந்தித்தேன். பேசும்போது சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். யூட் என்ற, பின்பக்கம் திறந்த சிறு பாரவண்டியில் சமையல் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு கலியாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற பெண்.

“பாரம் இழுக்கிற வண்டிக்குச் சத்தம் குறைஞ்ச குழாய்தான் நல்லம்,” என்றேன்.

“தெரியும் அண்ணை. ஆனா நான் விதவை. எதிர்ப்பட்டா முழிவியளம் சரியில்லை, சகுனப் பிழையாம். கலியாண வீடுகளில என்னைப் பின்வாசலால வரச் சொல்லுகினம். என்ரை சோறு மட்டும் முன்வாசலால போகலாம்.”

கடையிலேயே உரத்த குழாயைத் தொட்டுக் காட்டினார். “இனி முன்வாசல்தான். பயந்தவை சத்தம் கேட்டு முன்னமே ஒளிக்கட்டும்.”

என் மகளின் கலியாணத்துக்குச் சமைக்கக் கேட்டேன்.

“வீட்டில கேட்டிட்டுச் சொல்லுங்கோ,” என்று சிரித்தார்.

மகளிடம் மட்டும் சொன்னேன். கலியாணக் காலையில் தெருமுனையில் யூட் உறுமியது. அலங்காரம் பாதியில் நிற்க, மகள்தான் முதல் ஆளாக முன்வாசலுக்கு ஓடினாள்.