படித்துறையில் வைத்த நிறைகுடம்

லூயிஷாமில் நாங்கள் இருந்த மாடிக் குடியிருப்பில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே ஜமேக்காவைச் சேர்ந்த ஒரு பெண்மணி இருந்தார். நான் அவரை அன்ரி என்பேன். லண்டனில் அம்மாவுக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. இடையில் நான் நின்றேன். இரண்டாயிரங்களின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போதே நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன்.

ஒரு கோடையில் அன்ரி நோட்டீஸ் ஒன்று கொண்டுவந்து தந்தார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட ஆபிரிக்கர்களைக் கப்பல்கள் கொண்டுவந்து இறக்கிய கரைகளில் லண்டனின் டெட்ஃபோர்ட்டும் ஒன்று. அங்கே ஆற்றுக்கு இறங்கும் பழைய கற்படிகளில் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர்களை நினைவுகூர்கிறோம். விரும்பியவர்கள் விரும்பியதைக் கொண்டுவரலாம்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இறங்கேக்க அவையளுக்கு அங்க தெரிஞ்ச ஆக்கள் ஆரும் நிண்டவையோ?"

அது நோட்டீசில் இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு, தமிழ்க் கடைகள் இருக்கும் ஈஸ்ட் ஹாம் போனார். மாவிலைக்காக மூன்று கடைகள் ஏறினோம். மறுநாள் படித்துறையின் மேல்படியில் வாழையிலை விரித்து, அரிசி பரப்பி, அதன்மேல் தண்ணீர் நிறைத்த பித்தளைச் செம்பை வைத்தார். செம்பின் வாயில் மாவிலை, அதன்மேல் தேங்காய், இரு பக்கமும் விளக்கு. நிறைகுடம். கலியாண வீட்டு வாசலிலும் விருந்தாளிகள் வரும் வாசலிலும் வைப்பது. செத்த வீட்டில் மறந்தும் வைப்பதில்லை.

மற்றவர்கள் வெள்ளைப் பூக்கள் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் ஒரு போத்தல் ரம் கொண்டுவந்திருந்தார். நான் எண்ணியபோது முப்பத்தேழு பேர்.

பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து, உடுப்பும் மாற்றாமல் வந்த அப்பா, படியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இஞ்சை, உமக்கென்ன விசரே? செத்தவையை நினைக்கிற இடத்தில ஆரும் நிறைகுடம் வைப்பினமே? கெதியா எடும்."

"இருக்கட்டுமப்பா," என்றார் அம்மா. காற்றில் அணைந்த விளக்கை மறுபடி கொளுத்தினார்.

அதற்குள் அன்ரி வந்துவிட்டார். செம்பையும் தேங்காயையும் பார்த்து, இது என்ன என்று என்னைக் கேட்டார். அப்பாவின் காது சிவந்திருந்தது. என் அம்மாவுக்கு இடம் பொருள் தெரியாது என்று முப்பத்தேழு பேருக்கும் தெரியப்போகிறது. நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஆட்கள் இறந்தவர்களுக்கு வைப்பது இது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பா மூச்சு விட்டார்.

அன்ரி அதை எல்லோருக்கும் உரத்துச் சொன்னார். எல்லோரும் தலை குனிந்தார்கள். ரம் கொண்டுவந்தவர் தொப்பியைக் கழற்றித் தேங்காய்க்கு அஞ்சலி செலுத்தினார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கைகூப்பிச் சிரித்தார். விளக்கை ஆறு தடவை கொளுத்தினார்.

மாசி மாதம் அன்ரியின் அண்ணன் காலமானார். இரண்டாம் நாள் அன்ரி எங்கள் கதவைத் தட்டினார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உன் அம்மாவிடம் கேள். அந்தச் செம்பை என் அண்ணனுக்கும் வைப்பாரா?"

அம்மாவிடம் சொன்னேன். அவர் திடுக்கிட்டார்.

"செத்த வீட்டிலையோ? கூடாது பிள்ளை."

"அண்டைக்கு மட்டும் ஆத்தங்கரையில வச்சனீங்கள்?"

"அது செத்த வீடே? அவையள் வந்து இறங்கின இடமெல்லோ. வந்த சனத்துக்கு ஒருத்தரும் ஒண்டும் வைக்கேல்லை. அதுக்குத்தானே வச்சனான்." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ அவவுக்கு அதைச் சொன்னனிதானே?"

"ஓம், சொன்னனான்," என்றேன்.

அன்ரியின் பக்கம் திரும்பி, இந்தக் குளிரில் மாவிலை கிடைக்காதாம் என்றேன். அவர் தலையாட்டினார். அன்று பின்னேரம் அம்மா சோறும் பருப்பும் சமைத்து, பெரிய சட்டியோடு மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த கோடைக்கு முன் அன்ரி மகளோடு இருக்க பேர்மிங்காம் போய்விட்டார். புதிய விலாசத்தை என்னிடம்தான் எழுதித் தந்தார். நான் ஒரு வரியும் எழுதவில்லை.

என் குறிப்பேடுகளில் எழுதியதை நான் அடிப்பதோ திருத்துவதோ இல்லை. அந்தச் சனிக்கிழமைப் பக்கமும் அப்படியேதான் இருக்கிறது: 'மழை இல்லை. 37 பேர். அம்மா பிழை விட்டா. நான் சமாளிச்சன்.' கடைசி வரியின் கீழ், பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடும் போட்டிருக்கிறேன்.