சொக்கலிங்கம் சாமான்

தந்தி வந்தபோது செத்துப்போனவன் என் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

அந்தமானில், டாலிகஞ்சில் என் கடை. அரிசி பருப்பிலிருந்து ஆணி, பெயிண்ட் வரை உண்டு. மர மில்லில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு வரும் கடிதமெல்லாம் ‘நசீருதீன் கடை’ என்ற விலாசத்துக்குத்தான் வரும். நான் ஐந்தாவது வரை போனவன். தமிழ் எழுதுவேன், இந்தி பேசுவேன், இங்கிலீஷைக் கண்டால் பக்கத்து வீட்டுத் திருநாவுக்கரசைக் கூப்பிடுவேன். அவர் சர்க்கார் ஆபீசில் கிளார்க். அந்தத் திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தவர் தந்தியை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். எனக்கு எரிச்சல் வந்தது. சத்தமாகப் படியுங்கள், இல்லாவிட்டால் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

“சொக்கலிங்கம் சாமான் வந்து சேர்ந்தது. கருமாதி புதன். கல்யாணம் நின்றது. எப்படிச் செத்தான், தந்தி அடிக்கவும்.”

ஊறிய பன் துண்டு டீக்குள் விழுந்தது.

தந்திக்கார பியூன் இந்தி ஆள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “கோன் மரா?” என்றான். யார் செத்தது என்று கேட்கிறான். சொக்கலிங்கம் தன் நெஞ்சில் கை வைத்து, “ஹம்” என்றான். நான் என்று அர்த்தம். பியூன் கையெழுத்துக்கூட வாங்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அப்புறம் சொக்கலிங்கம் என் பக்கம் திரும்பினான். “பாய், நான் செத்துட்டனா?”

நான் தந்தியைத் திருநாவுக்கரசு கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

சொக்கலிங்கம் திருவாடானைப் பக்கத்து ஆள். ஐம்பத்து மூன்றில் ஒரு காண்டிராக்டர் பிடித்து வந்த கூட்டத்தோடு கப்பலேறி வந்தவன். முதலில் காட்டில் மரம் வெட்டினான். பிறகு மில்லுக்கு வந்தான். ரம்பத்தில் இடது கை விரல் இரண்டின் நுனியைக் கொடுத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா இல்லாதவன். அக்கா அலமுதான் வளர்த்தாள். எட்டு வருஷமாக ஊர் போகவில்லை. அந்த வருஷம் தை மாதம் அக்கா மகள் சுசீலாவுக்குக் கல்யாணம் என்று கடிதம் வந்தது. தாய்மாமன் நேரில் வந்து சீர் வைக்க வேண்டும். லீவு கிடைத்தால் கப்பலில் இடமில்லை, இடம் கிடைத்தால் லீவு இல்லை. நான் போகாவிட்டால் என்ன, என் பெட்டி போகும் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினான்.

மூன்று மாதம் செய்தான். மில்லில் கழித்த படாக் மரப் பலகையைக் கேட்டு வாங்கி, ரத்தச் சிவப்பாக ஒரு பெட்டி. கடையில் வாங்கின சாமான் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தான். சுசீலாவுக்குக் குங்குமச் சிமிழ் கடைந்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அவள் பெயரை நான் பென்சிலால் எழுதிக் கொடுக்க, அதன் மேலேயே உளி ஓட்டினான். மச்சானுக்கு வெற்றிலைப் பெட்டி. கடலில் பொறுக்கின பெரிய சிப்பியை எலுமிச்சம்பழமும் மணலும் போட்டுத் தேய்த்து முத்து மாதிரி மினுக்கினான். என் வீட்டுக்காரி ரஹ்மத்துன்னிசா தேங்காய்ப்பால் ஊற்றி அல்வா மாதிரித் தொதல் கிண்டினாள். கீழக்கரைக் கை, மாதம் ஆனாலும் கெடாது. அதையும் வெறுமனே வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று, துடுப்பைப் பிடித்து அரை நாள் அவனே கிளறினான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சிரட்டை அகப்பைதான். அலமு இடது கைக்காரி. கடையில் விற்கிற அகப்பை எதுவும் அவளுக்குத் தோதுப்படாது, குழம்பு இலைக்கு வெளியே ஊற்றும், அதற்காக மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் கதை கதையாகச் சொல்வான். சின்ன வயதில் இவன் அவளை நொட்டாங்கை என்று கூப்பிட்டு, அந்த நொட்டாங்கையாலேயே அடி வாங்கியிருக்கிறான். அகப்பையின் வாயை எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டியிருந்தான். நான் எடுத்து மொண்டு பார்த்தேன். என் கால் நனைந்தது. “ஒமக்கில்ல பாய் அது, வையும்” என்றான்.

அடைக்கும்போது சிப்பியும் சிமிழும் கடகடவென்று மோதின. வைக்கோல் தேடினோம், கிடைக்கவில்லை. தன்னுடைய பழைய சட்டை இரண்டையும் ஒரு கைலியையும் துவைத்துக் கொண்டுவந்து திணித்தான். மேலாக ஒரு சட்டையை மடித்துப் பரப்பினான். கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். அதைத் தபாலில் போடாமல் அகப்பைக்கு அடியில் வைத்துவிட்டான். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து கடைசியில் கடிதத்தைப் பார்க்க வேண்டுமாம். மூடியை ஆணி அடித்தோம். பக்கவாட்டில் மச்சான் பெயரும் ஊரும் எழுதினேன். மூடிக்கு மேலே கொட்டை எழுத்தில், பச்சைப் பெயிண்டில், வழக்கமாக எழுதுவதை எழுதினேன்: சொக்கலிங்கம் சாமான்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். இங்கே துறைமுகத்தில் எந்தப் பெட்டியைத் தூக்கினாலும் முதல் கேள்வி ‘கிஸ்கா சாமான்?’ என்பதுதான். யாருடைய சாமான் என்று. அதற்குப் பதிலாகத்தான் பெட்டி மேல் ஆளின் பெயரைப் போட்டுச் சாமான் என்று எழுதுவோம். பத்து வருஷமாக எழுதுகிறேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் திருநாவுக்கரசிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது சொக்கலிங்கம் மெதுவாக, “பழனிசாமி பெட்டியும் நீருதானே எழுதுனீரு?” என்றான்.

என் பார்வை பச்சைப் பெயிண்ட் டப்பாவுக்குப் போயிற்று.

பழனிசாமி அவன் ஊர்தான், அடுத்த தெரு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டில் மரம் உருண்டு செத்தான். அவன் துணிமணியை ஒரு பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்பினோம். மூடியில் எழுதியது நான்தான். பழனிசாமி சாமான். அதே பச்சைப் பெயிண்ட், அதே கை. அந்த ஊருக்கு அந்தமானிலிருந்து இதற்கு முன் போன பெட்டி அது ஒன்றுதான். இரண்டாவது இது. மச்சான் ஆணியை நெம்பியிருப்பார், மேலே சொக்கலிங்கத்தின் சட்டையைப் பார்த்திருப்பார், அப்படியே மூடியிருப்பார். பழனிசாமிக்குப் பெட்டியின் பின்னாலேயே என் கடிதம் போயிற்று. இப்போதும் வரும் என்று பதினான்கு நாள் பார்த்துவிட்டுத் தந்தி அடித்திருக்கிறார்கள்.

எட்டு வருஷம் அவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். கடைசியில் அவனைக் கொன்றதும் நான்தான். இரண்டே வார்த்தையில். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சொக்கலிங்கத்துக்குத் தான் செத்தது பெரிதாகத் தெரியவில்லை. கல்யாணம் நின்றதுதான் அவனை உலுக்கிவிட்டது. தாய்மாமன் சாவு விழுந்தால் வருஷம் திரும்பாமல் பெண்ணை அனுப்ப மாட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதுவரை காத்திருக்கவும் மாட்டார்கள் என்றான். அதோடு, பழனிசாமி பெட்டியை வீட்டுக்குள் ஏற்றவில்லை, பதினாறாம் நாள் கண்மாயில் கொண்டுபோய் விட்டார்கள் என்றும் சொன்னான். அவன் பெட்டிக்குப் பதினாறாம் நாள் புதன். அன்று திங்கள்.

கடையை ரஹ்மத்துன்னிசாவிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் தந்தி ஆபீசுக்கு ஓடினோம். சொக்கலிங்கம் உயிரோடு இருக்கிறான் என்று அடித்தால் போதும் என்றார் திருநாவுக்கரசு. சொக்கலிங்கம் போதாது என்று தலையை ஆட்டினான். பழனிசாமி அடிபட்டுக் கிடந்தபோதும் முதல் தந்தி உயிரோடு இருக்கிறான் என்றுதான் போனது. ஆறுதலுக்கு அடிப்பது என்று ஊரே நினைக்கும். நானே பேசுகிறேன் என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்றான்.

யோசித்தான். காதோரம் வியர்வை ஓடியது. பிறகு சொன்னான்: “நொட்டாங்கைன்னு எழுதுங்க.”

திருநாவுக்கரசு இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார். நொட்டாங்கை, பெட்டியைத் திற, அகப்பை உனக்கு, சொக்கன். கவுண்டரில் இருந்த வங்காளி பாபு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். முதல் வார்த்தையில் விரலை வைத்து இது என்ன ரகசிய பாஷையா என்றார். அவன் அக்கா பெயர் என்றேன். இப்படி ஒரு பெயரா என்றார். எங்கள் ஊரில் உண்டு என்றேன். சொக்கலிங்கம் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பாபு அடித்தார்.

செவ்வாய் ஒன்றும் இல்லை. புதன்கிழமை அவன் மில்லுக்குப் போகவில்லை. கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். ரஹ்மத்துன்னிசா சோறு கொண்டுவந்து வைத்தாள். எனக்கு இன்றைக்குக் கருமாதி, நானே சாப்பிடுவதா என்று கேட்டான். அவள் குழம்பை ஊற்றிவிட்டுப் போனாள். சாப்பிட்டான். எந்த நேரத்துக்குக் கண்மாய்க்குப் போவார்கள் என்று ஒருதரம் கேட்டேன். உச்சிக்கு முன்னால் என்றான். மணி இரண்டாகியிருந்தது.

வியாழன் மதியம் அதே பியூன் வந்தான். சொக்கலிங்கத்தைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்காமலே தந்தியை நீட்டினான். திருநாவுக்கரசு ஆபீசிலிருந்து வரும்வரை அதை நான் கையிலேயே வைத்திருந்தேன். உள்ளே மூன்றே சங்கதி இருந்தது. பெட்டி திறந்தது. கல்யாணம் அதே நாள். நீ நாசமாய்ப் போக.

மூன்றாவதைக் கேட்டுத்தான் அவன் அழுதான்.

முழுக்கதை அடுத்த கப்பலில் சுசீலா எழுதிய கடிதத்தில் வந்தது. பெட்டியைக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். மச்சான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பெட்டியை வாங்கக் கை நீட்டியிருக்கிறார். தபால்காரர் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, தந்தியை ஊர் முன்னால் உரக்கப் படித்திருக்கிறார். முதல் வார்த்தையைக் கேட்டதும் அலமு அழுகையை நிறுத்தியிருக்கிறாள். அந்தப் பெயரைச் சொல்லி என்னிடம் அடி வாங்குகிறவன் இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான், அவன் எழவுக்கா நான் அழுதேன் என்று கேட்டுவிட்டு, கரையிலேயே அரிவாளால் மூடியைப் பெயர்த்திருக்கிறாள். கருமாதிக்கு வந்தவர்கள் தொதலைத் தின்றுவிட்டுத்தான் கலைந்தார்களாம். ஒன்றைத்தான் மாற்ற முடியவில்லை. மாமனுக்காகக் காலையிலேயே மொட்டை அடித்துக்கொண்ட அலமுவின் மகன், அந்த மொட்டைத் தலையோடுதான் அக்கா கல்யாணத்தில் பந்தி விசாரித்தான். பரிமாறியது முழுக்க அந்த அகப்பையில்தான். அலமு ஒருத்தியால்தான் அதைப் பிடிக்க முடிந்தது.

கடிதத்தின் கடைசியில் எனக்கும் ஒரு வரி இருந்தது. அந்தப் பச்சை எழுத்துக்காரர் இனிமேல் எங்கள் ஊருக்கு எதையும் எழுதக் கூடாது என்று அம்மா சொல்லச் சொன்னார்கள். அதைப் படிக்காமல் தாண்டப் பார்த்தேன். சொக்கலிங்கம் விடவில்லை. இரண்டு தரம் படிக்கச் சொன்னான்.

இப்போதும் அவன் வருஷம் ஒரு பெட்டி அனுப்புகிறான். மூடியில் எழுத்துக் கிடையாது. தன் இடது கையை என் பெயிண்ட் டப்பாவில் தோய்த்து, குட்டை விரல் இரண்டும் தெரிய, ஒரு கை அச்சு. துறைமுகத்தில் கிஸ்கா சாமான் என்று கேட்டால் அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவான்.