ஞானத்தகப்பன் குணம்

எங்கள் பக்கத்து வேதக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு. பிள்ளைக்கு மூக்கையும் முழியையும் பெற்றவர்கள் கொடுப்பார்கள், குணத்தை ஞானத்தகப்பன் கொடுப்பான். ஞானஸ்நானத் தொட்டி முன்னால் யார் ஏந்துகிறானோ அவன் குணம்தான் ஒட்டும். அதனால்தான் என்னை அத்தனை பேர் தேடி வந்தார்கள். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன், களத்தில் நெல் தூற்றி ஆரம்பித்தவன், இன்றைக்குச் சொந்தமாக அறுவடை மெஷின் விடுகிறேன். என் குணம் யாருக்குக் கசக்கும்?

என் சிநேகிதன் மருமகளுக்குக் கசந்தது.

அவள் புருஷன் நான் ஏந்திய பிள்ளைதான். என்னிடமே மெஷின் ஓட்டுகிறான். அவனுக்கு மகன் பிறந்ததும், இதற்கும் நான்தான் ஞானத்தகப்பன் என்று நானே முடிவு பண்ணி, ஊரெல்லாம் சொல்லி, பட்டுக்கோட்டையில் குழந்தைக்கு வெள்ளை உடுப்பும் எடுத்துவிட்டேன். உடுப்போடு போனால், அவள் பிள்ளையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

"தப்பா நினைக்காதீங்க மாமா. உங்களுக்கு ஒரு இடத்துல இருப்பு கொள்ளாது. அது ஒட்டித்தான் இவரும் அலையறாரு. புள்ள பொறந்தப்ப ஆந்திராவுல மெஷின் மேல இருந்தாரு. இவனுக்காவது வீடு தங்குற குணம் வரட்டும். பாட்டு வாத்தியாரைக் கேக்கலாம்னு இருக்கேன்."

மாதா கோயில் ஆர்மோனியத்தை விட்டு எழுந்திருக்காத மனுஷன் அவர். அவரா!

"நான் அலைஞ்சதாலதாம்மா இன்னைக்கு…" என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். சிநேகிதன் சிரித்துவிட்டான்.

"பிரசங்கம் தொடங்கினா நீ போனைத் தூக்கிட்டு வெளியில போயிடுவே. முழுப் பூசை என்னைக்குடா பாத்திருக்கே?"

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "சரி மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடியிற வரைக்கும் உள்ளேயே இருந்து காட்டுங்க. அப்புறம் நீங்களே ஏந்துங்க."

இதென்ன பெரிய வித்தை என்று வந்துவிட்டேன்.

வந்த ஞாயிறு எப்படிப்பட்ட ஞாயிறு! சம்பா அறுப்பு உச்சத்தில் இருக்கிறது, வானம் கருக்கிறது, மெஷின் வலங்கைமான் பக்கம் வயலில் மாற்று டிரைவரோடு நிற்கிறது. ஆம்பளைகள் பக்கம் நடு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவள் புருஷன். வேத வாசகம் முடிவதற்குள் சட்டைப்பையில் போன் துடித்தது. நின்றது. மறுபடியும் துடித்தது. கால் தன்பாட்டுக்கு ஆட, முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். மழை விழுந்தால் கதிர் சாயுமே, மெஷினை மேட்டில் ஏற்றினானோ இல்லையோ, இதுதான் எனக்குள் ஓடியது.

அவன் போனும் துடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தான்.

"மெஷின் சேத்துல எறங்கிடுச்சாம் பெரியப்பா. நீங்க இருங்க, நான் போறேன்."

பாதி எழுந்தும்விட்டான். நான் பொம்பளைகள் பக்கம் பார்த்தேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை இல்லை, அவனை.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருடா."

"மெஷின்…"

"என் மெஷின்தானே? உக்காரு."

உட்கார்ந்தான். அப்புறம் ரெண்டு பேர் காலும் ஆடி, பெஞ்சே ஆடியது. வெளியே மழை சடசடவென்று பிடித்தது. கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் இருந்தேன். அந்த ஊரில் வேறு எந்த மெஷின்காரன் இருந்திருப்பான், சொல்லுங்கள்!

அடுத்த ஞாயிறு நான்தான் ஏந்தினேன். பிள்ளைக்காக சாமியார் என்னைக் கேட்டதற்கெல்லாம் கோயில் அதிரப் பதில் சொன்னேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் பயல் என் நெஞ்சிலே விட்டான் ஒரு உதை.

"ஒட்டிடுச்சு போலிருக்கே மாமா," என்றாள் அவள்.

இப்போது ஆந்திரா அறுப்புக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். அவன் பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். மெஷினோடு இந்தத் தடவை நான் போகிறேன். அலைகிறதை என்னைவிட நன்றாகச் செய்ய அவனுக்கு என்ன தெரியும்?