தேவிப்ரியாவின் பார்லருக்கு மீன்கள் வந்த கதை

வேங்கிக்காலில் தேவிப்ரியா நடத்தும் பியூட்டி பார்லருக்குப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள், குழந்தைகள் அழுதுகொண்டு வருவார்கள். புருவம் திருத்தவும் கல்யாண மேக்கப்புக்கும் என்றுதான் அவள் கடையைத் தொடங்கியிருந்தாள். ஆனால் சுற்றுப்பக்கத்துப் புது வீடுகளுக்குக் குடிவந்த அம்மாக்கள் பிள்ளைகளையும் கையோடு கூட்டி வந்து, "இவளுக்கும் கொஞ்சம் முடிய கம்மி பண்ணி வுடுங்கக்கா" என்று உட்கார வைத்துவிடுவார்கள். தேவிப்ரியா தண்டராம்பட்டுப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்துப் பெண். துள்ளுகிற ஆட்டுக்குட்டியைக்கூட அலுங்காமல் பிடித்துக்கொள்வாள். ஆனால் கவிநிலாவை அவளால் பிடிக்க முடியவில்லை.

கவிநிலாவுக்கு ஐந்து வயது. அவள் அம்மா ஆர்த்தி கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அன்று நெற்றி முடியில் ஒரு வெட்டு விழுந்ததுதான் தாமதம், கழுத்தில் கட்டிய துணியோடு நாற்காலியிலிருந்து குதித்து, கவிநிலா தெருக்கோடி வரை ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் உள்ளே வரவில்லை. ஒரு பக்கம் புருவம் வரை தொங்கும் முடி, மறுபக்கம் குச்சி குச்சியாக நிற்கும் முடி. அந்தக் கோலத்திலேயே அவள் பள்ளிக்கூடம் போய்வந்தாள். கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேவிப்ரியாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அந்தச் சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனாள். அங்கே ஊசிக்குக் காத்திருந்த குழந்தைகள் சத்தமே இல்லாமல் ஒரு மீன்தொட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். காய்ச்சல் விட்ட மறுநாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினாள்.

மீன் கடைக்காரர் தசரதன் அவளுக்குத் தொட்டி கொடுத்தார். வடிகட்டி, விளக்கு, கூழாங்கல், நாடா மாதிரி நீண்ட இலை கொண்ட செடிகள் எல்லாம் எடுத்து வைத்தார். மீனை மட்டும் கொடுக்கவில்லை.

"ரெண்டு வாரம் போவட்டும்மா. அப்புறமா வந்து வாங்கிக்கோங்க."

"தண்ணி ஊத்துனா மீனு நீந்தப் போவுது. இதுக்கு எதுக்குங்க ரெண்டு வாரம்?"

"மீனு அந்தத் தண்ணியிலதான் திங்குது, அதுலயேதான் கழியுது. அந்த அழுக்கத் தின்னுற நல்ல கிருமி மொதல்ல வடிகட்டியில வளரணும். அது இல்லாம மீன வுட்டீங்கன்னா மறுநாளே மல்லாந்துடும்." அவர் தன் தொட்டியில் ஊறிக்கிடந்த பஞ்சில் ஒரு துண்டைக் கிழித்து, பையில் தண்ணீரோடு கட்டிக் கொடுத்தார். "இத உங்க வடிகட்டியில சொருகி வைங்க, தயிருக்கு உறை ஊத்துற மாதிரி. தெனம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. கிருமிக்கும் பசிக்கும் இல்ல?"

தேவிப்ரியாவின் கணவன் இளவரசன் எலக்ட்ரீஷியன். மேசை கனம் தாங்குமா என்று ஏறி நின்று பார்த்தான். கூழாங்கற்களை வாளியில் போட்டு, கழுவக் கழுவ மண்ணாக வருகிறதே என்று அலுத்துக்கொண்டே கழுவினான். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை போக ஒரு நாள் பிடித்து வைத்து, மெல்ல ஊற்றினார்கள். செடிகளை நட்டு விளக்கைப் போட்டதும் கடையின் வலப்பக்கச் சுவர் பச்சையாக மின்னியது. தேவிப்ரியா கைதட்டினாள். மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்துப்போனது. பதறிப்போய்த் தசரதனுக்குப் போன் போட்டாள்.

"நல்லதுதாம்மா. தானா தெளியும். கைய மட்டும் வெச்சிடாதீங்க" என்றார் அவர்.

அந்த இரண்டு வாரம் அவள் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. "மீன் எங்கடி?" என்று ஒருத்தி கேட்டாள். "வாஸ்துவுக்கு வெச்சதா?" என்றாள் இன்னொருத்தி. "கீரை போட்டிருக்கீங்களாக்கா?" என்று கேட்ட கல்லூரிப் பெண்ணைத் தேவிப்ரியா முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் தெளிந்ததும் உடனே போய் மீன் வாங்கலாம் என்றால் அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் டவுனுக்குள் ஸ்கூட்டி நுழைய முடியாது. இன்னும் ஒரு நாள் காத்திருந்தாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள், புடவை முந்தானை மாதிரி வால் விரிக்கும் கப்பி மீன்கள் வந்து சேர்ந்தன. பையைத் திறக்காமல் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகு அவிழ்த்துவிட்டாள். ஒரு மீன் மட்டும் இரண்டாம் நாள் செத்து மிதந்தது. அதை ரோஜாச் செடியடியில் புதைத்துவிட்டு அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மற்றவை பிழைத்துக்கொண்டன. வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை தீனி போடப் பார்த்ததால், டப்பாவை மணப்பெண் மேக்கப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள். வெட்டிய முடி விழாமல் இருக்கத் தொட்டிக்கு மூடி போட்டாள். ஹேர் ஸ்ப்ரே அடிப்பதென்றால் பின்கட்டுக்குத்தான்.

பிறகு ஆர்த்தியிடம் சொல்லி அனுப்பினாள். கவிநிலா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தாள். ஆரஞ்சு வால் ஒன்று செடிக்குள் நுழைந்து மறைந்தது. அது எங்கே போனது என்று பார்க்க உள்ளே வந்தாள். நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்தபோதும் கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை.

தேவிப்ரியா மூச்சை அடக்கிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள். அழுகை இல்லை, ஓட்டம் இல்லை. ஆனால் தலை மட்டும் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. நேராக்கி வைத்தால் அடுத்த நொடி மறுபடியும் மீன் பக்கம். வெட்டி முடித்துத் துணியை உதறியபோது, இடது பக்க முடி காதுக்கு மேலும் வலது பக்க முடி காதுக்குக் கீழும் நின்றது.

ஆர்த்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அழாம வெட்டிக்கிட்டாளே, அதுவே போதும்க்கா" என்றாள். கவிநிலா தன் தலையைப் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் தேவிப்ரியா கணவனிடம், "தொட்டிய கண்ணாடிக்குக் கீழ மாத்திடலாங்க. அப்பதான் நேரா பாப்பாங்க" என்றாள்.

"தண்ணியோட தூக்குனா தொட்டிக் கண்ணாடி விரிசல் வுட்டுடும். எறைச்சிட்டு மாத்துனா மறுபடியும் கல்லக் கழுவணும். என்னால ஆவாது" என்ற இளவரசன், அலுப்பாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து காலால் தரையை உந்தினான். நாற்காலி சுழன்று தொட்டிக்கு நேராக நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இவ்ளோ நாளா சுத்திக்கினுதான் இருந்துது" என்றான் அவன்.

அதிலிருந்து குழந்தைகளுக்கு முடி வெட்டுவது கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான். கவிநிலாவின் இரண்டு பக்கத்தையும் மறுநாளே சமமாக்கினாள். பெரியவர்களும் நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். பேங்க் மேனேஜரம்மா ஒருவர் மீனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வெட்டிய முடி எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்க்காமலே கிளம்பிப் போனார்.

ஒரு சனிக்கிழமை கவிநிலா, "ஆன்ட்டி, செடிக்குள்ள கொசு நீந்துது" என்றாள். தேவிப்ரியா குனிந்து பார்த்தாள். கடுகளவு கண்ணோடு கப்பிக் குஞ்சுகள் இலைகளுக்கு நடுவே ஒதுங்கி நின்றன. பெரிய மீன்கள் தின்றுவிடுமோ என்று பயந்து தசரதனைக் கேட்டாள். செடி அடர்ந்திருந்தால் பாதிக்கு மேல் தப்பிக்கும் என்றார். இளவரசன் யாரும் சொல்லாமலே டவுனுக்குப் போய் இன்னும் இரண்டு கொத்துச் செடி வாங்கி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே நட்டான். இலைகளுக்குள் தெரிந்த குஞ்சுகளுக்கெல்லாம் கவிநிலா பேர் வைத்தாள், பேர் தீர்ந்துபோன பிறகு தன் வகுப்புப் பிள்ளைகளின் பேரையும் வைத்தாள்.

போன மாதம் பள்ளி ஆண்டு விழாவுக்காக அவளைக் கூட்டி வந்தார்கள். தொட்டியின் நீர்க்குமிழிச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தவள், பாதி வெட்டிலேயே தூங்கிப்போனாள். தேவிப்ரியா கத்தரிக்கோலை மெதுவாக நகர்த்தி வேலையை முடித்தாள். அடுத்து வந்த அம்மா அவசரப்படுத்தப் பார்த்தார்.

"புள்ள எழுந்துக்கட்டும்மா" என்றாள் தேவிப்ரியா. "நீங்க அதுவரைக்கும் மீனப் பாத்துக்கினு இருங்க."